கிடுகு, ஓடு, சீற்: கல்முனைக் கரையில் அணில் குடியேறிய வரலாறு

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் எமது கரையோர ஊர்களில், சீலிங்குக்குள் அணில் குடியிருக்கும் வீடொன்றேனும் இல்லாத ஒழுங்கையைக் காண்பது இன்று அரிது. சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் பரவியதும் தலைக்கு மேலே ஓட்டம் தொடங்கும், மஃரிபுக்குள் அடங்கிவிடும். (நடுநிசியில் ஓடுவது அணிலன்று, எலி. இந்த வேறுபாடு தெரியாமல் அணிலின் மீது பழிபோடுவோர் பலர்.) கட்டார், லண்டன், ரொறன்ரோ என்று சிதறி வாழும் ஊரவர்களும் "உம்மாவின் வீட்டுச் சீலிங்கை அணில் நாசமாக்கிவிட்டது, முன்னைய காலத்தில் என்ன செய்தார்கள்?" என்று கேட்பதுண்டு. முன்னைய காலத்தில் ஒன்றும் செய்யவில்லை என்பதே நேர்மையான விடை. செய்யவேண்டிய தேவை இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

எமது பகுதியில் வீடு பெண்ணின் சொத்து. மகளுக்குச் சீதனமாக வீடு எழுதப்படும். மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து சேர்வார். தாய்வழிக் குடிமுறையோடு பிணைந்த இவ்வழக்கத்தை அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, 2008இல் வெளியான தமது பெருநூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தால் வளவு இரண்டாகும். நான்கு பேர் இருந்தால் நான்காகும். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் இவ்வாறு தலைமுறைதோறும் துண்டாடப்பட்டதில் முதலில் பலியானவை வளவு மரங்கள். மா, முருங்கை, தென்னை நின்ற இடங்களில் எல்லாம் சுவர் எழுந்தது. மரத்தில் குடியிருந்த அணிலுக்கு அடுத்த உயரமான இடம் எது? கூரை.

ஆனால் கூரை எல்லாக் காலத்திலும் அணிலுக்கு வீடாக இருந்ததில்லை. எனது சிறுபராயத்தில் ஊரின் பெரும்பாலான வீடுகள் கிடுகுக் கூரை கொண்டவை. தென்னோலையைப் பாதியாகப் பிளந்து, தண்ணீரில் ஊறவைத்து, பின்னி எடுப்பதே கிடுகு. பெண்கள் முற்றத்து மணலில் அமர்ந்து பின்னுவார்கள். மாரி தொடங்குமுன் பழையதைக் கழற்றிப் புதியதை வேய்வார்கள்; கையில் காசில்லாத வருடம் அது அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். கழற்றும்போது கரையான், பூரான், எலிக்கூடு, சில வேளை அணில்கூடு எல்லாம் சேர்ந்தே கீழே இறங்கும். அடுப்புப் புகையும் கிடுகின் ஊடாகவே வெளியேறும். அந்தக் கூரையில் அணில் வரவில்லை என்பதல்ல, நிலைத்திருக்க முடியவில்லை. அதைவிட நல்ல வீடு அதற்கு அருகிலேயே இருந்தது: தென்னையின் கொண்டை. பன்னாடையும் தும்பும் அங்கேயே கிடைக்கும். கிடுகும் அணிலின் கூடும் ஒரே மரத்திலிருந்து வந்த காலம் அது.

வசதி படைத்தோர் வீடுகளில் ஓடு இருந்தது. 1865இல் பாசல் மிசனரிமார் மங்களூரில் நிறுவிய தொழிற்சாலையில் தொடங்கிய அந்தத் தட்டையோடு, கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. எமது முதியவர்கள் அதைக் கள்ளிக்கோட்டை ஓடு என்பார்கள். ஓட்டுக்கும் சலாகைக்கும் இடையிலே அணில் நுழையும். ஆனால் அன்றைய ஓட்டு வீடுகள் பலவற்றில் சீலிங் இல்லை; நிமிர்ந்து பார்த்தால் கூடு தெரியும். தெரிகிற கூட்டைத் தடியால் தட்டிவிடலாம்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்கைத் தாக்கிய சூறாவளியை இங்கே குறிப்பிட வேண்டும். ஆரம்பப் பாடசாலை மாணவனாக இருந்தபோது கேட்ட அந்த இரைச்சல் இன்றும் காதில் இருக்கிறது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரமெங்கும் கிடுகுக் கூரைகள் பறந்தன; கிடுகு தரும் தென்னைகளும் அடியோடு சாய்ந்தன. தென்னை மீண்டும் காய்க்கும்வரை காத்திருந்து கூரை வேய எவராலும் இயலாது. சூறாவளிக்குப் பின் எமது ஊர்கள் கிடுகைக் கைவிட்டு அஸ்பெஸ்டஸ் சீற்றுக்கு மாறிய வேகத்தை வேறெந்தக் காரணத்தாலும் விளக்க முடியாது என்பது என் கணிப்பு. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்குச் சென்றோர் அனுப்பிய பணம் அந்த வேகத்தைக் கூட்டியது. ஒரே மரத்தை நம்பியிருந்த இரு குடிகளும், அதாவது நாமும் அணிலும், ஏறத்தாழ ஒரே காலத்தில் வீடு மாறினோம்.

சீற் வெயிலை அப்படியே உள்ளே இறக்கும். பங்குனி, சித்திரையில் அதன் கீழே பகலில் இருக்க முடியாது. ஆகவே பலகையிலோ தட்டைச் சீற்றிலோ சீலிங் அடித்தார்கள். மேலே சீற், கீழே சீலிங், நடுவே மனிதர் எட்டிப் பார்க்காத இருட்டு. மேல்நாட்டு வீடுகளில் சாமான் வைக்கவும் சிலர் படுத்துறங்கவும் பயன்படும் மேல்மாடத்துக்கு ஒப்பான ஓர் அறையை, எமக்குப் பயன்படாத வகையில் கட்டிக்கொண்டோம். வாசலும் வைத்தோம். சீற் நெளிவுடையது, அதைத் தாங்கும் மரமோ சுவரோ நேரானது. ஒவ்வொரு நெளிவின் கீழும் அரைவட்டத் துவாரம் ஒன்று மிஞ்சும். முப்பதடி நீளச் சுவரின் மேலே இத்தகைய வாசல்கள் வரிசையாக எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மேசன்மார் இவற்றைச் சாந்து வைத்து அடைப்பதுண்டு. ஆனால் சுவர் வேலை முடியும்போது பெரும்பாலும் வீட்டுக்காரரின் காசும் முடிந்திருக்கும்.

அஸ்பெஸ்டஸ் இழை நுரையீரலுக்குப் புற்றுநோய் தரவல்லது என்பது நெடுங்காலமாக நிறுவப்பட்ட உண்மை. 2018 ஜனவரியிலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் கப்ரா வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா எமது தேயிலையைத் தடைசெய்தது. அஸ்பெஸ்டஸை எமக்கு விற்கும் முக்கிய நாடும் ரஷ்யாதான். சில நாட்களுக்குள் அஸ்பெஸ்டஸ் மீதான கட்டுப்பாடு தளர்ந்தது. தேயிலைத் தடையும் நீங்கியது. எங்கள் தலைக்கு மேலுள்ள கூரையின் விதியை ஒரு வண்டு எழுதியது என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அணிலை விரட்டவென்று பையன்களைக் கூரையில் ஏற்றி, சீற்றைத் தட்டி உடைத்து, அந்தத் தூசியை வீட்டாரும் பையன்களும் சுவாசிப்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அணிலால் வரும் தீங்கைவிட அணிலை விரட்டுவதால் வரும் தீங்கு பெரிது.

அந்தப் பிராணியைப் பற்றியும் கொஞ்சம் அறிந்துகொள்வோம். லின்னேயஸ் 1766இல் அதற்கு இட்ட பெயரின் பொருளே பனைகளின் அணில் என்பதாகும். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. முதுகில் மூன்று வெண்கோடு. வட இந்திய அணிலுக்கு ஐந்து கோடு. இலங்கையில் காணப்படும் உபவகை ஒன்று, இந்நாட்டிலேயே பிறந்த மருத்துவரும் இயற்கையியலாளருமான எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட்டின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1851இல் அப்பெயரைச் சூட்டியவர் லேயார்ட். அடுத்த ஆண்டு கெலார்ட் இலங்கை விலங்குகள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அரசாங்கம் 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடெங்கும் எண்ணச் சொன்னது இந்த அணிலையன்று. தென்னங்குரும்பையைக் கடித்துத் தள்ளும் பெரிய மர அணிலை. அது வீட்டுக்குள் குடியேறுவதில்லை. அன்றைய பத்திரிகைகள் சிலவற்றின் தலைப்புகளைப் பார்த்து, வீட்டு அணிலைக் கொல்ல அரசு அனுமதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டவர்கள் எம்மூரிலும் இருந்தார்கள். தலைப்பில் ஒரு சொல்லை மிச்சம் பிடிப்பதன் விளைவு இது. என் தொழிலைச் சேர்ந்தோருக்குச் சொல்கிறேன்.

வீட்டு அணிலின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 34 நாட்கள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு, மூன்று குட்டிகள். அவை தாய்ப்பாலை மறக்க ஏறத்தாழ பத்து வாரங்கள் செல்லும். கூடு கட்ட மென்மையான எதையும் எடுக்கும்: தும்பு, தலையணைப் பஞ்சு, கிழிந்த சாரன். மருதமுனையின் தறிக்கூடங்களில் கழிவு நூல் குவிந்திருந்த காலத்தில், பச்சையும் சிவப்பும் நீலமுமாக நிறம் கலந்த அணில்கூடுகளைக் கண்டதுண்டு. எந்த வீட்டில் எந்த நிறச் சாரன் நெய்யப்படுகிறது என்பதைக் கூட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நெசவாளர்கள் பகிடியாகச் சொல்வார்கள்.

பகிடியாக இல்லாதது மின்வயர். கொறிவிலங்கின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை, தேய்த்தே ஆகவேண்டும். சீலிங்குக்கு மேலே குழாய்க்குள் இடாமல் வெறுமனே இழுத்துவிட்ட வயர் அதற்கு வாகானது. உறை கழன்ற வயர், பக்கத்திலேயே காய்ந்த தும்பும் பஞ்சும். தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? 1987 டிசம்பரில் அமெரிக்காவின் ட்ரம்புல் நகரில் மின்கம்பியில் அகப்பட்ட ஓர் அணில், நாஸ்டாக் பங்குச் சந்தையை 82 நிமிடங்கள் நிறுத்தி வைத்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியபோது பாணந்துறை உபமின்நிலையத்துக் குரங்கு காரணமாகச் சொல்லப்பட்டது. குரங்குக்கு நாட்டின் மின்சாரம் என்றால் அணிலுக்கு எங்கள் சீலிங் பெரிதல்ல.

இதற்கெல்லாம் எம்மவர் கைக்கொள்ளும் வைத்தியம் எலி நஞ்சு. கடையில் இலகுவில் கிடைக்கிறது. ஆனால் அந்த நஞ்சு உடனே கொல்வதில்லை. சில நாட்கள் உள்ளே இரத்தம் கசிந்து, எட்டாத மூலையில் போய்ச் சாகும். தாய் செத்தால் கண் திறவாத குட்டிகளும் பட்டினியில் சாகும். பிறகு இரு வாரம் அந்த வீட்டில் சோறு இறங்காது. நஞ்சுண்ட அணிலைக் கௌவும் பூனைக்கும் அதே கதி. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதையைக் குத்பாவில் கேட்டுவிட்டு வந்து சீலிங்குக்குள் நஞ்சுருண்டை எறிவோரிடம் நான் விவாதிப்பதில்லை. மணம் அவர்களுக்குப் பதில் சொல்லும்.

பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விடலாமே என்பார்கள். கனடாவில் வாழும் வாசகர்கள் அறிந்திருக்கலாம்: ஒன்றாரியோ மாகாணத்தில் பிடித்த அணிலை ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடுவது சட்டவிரோதம். அங்குள்ளோர் வெளியே போகும், உள்ளே வரமுடியாத ஒருவழிக் கதவைத் துவாரத்தில் பொருத்துகிறார்கள். பிரித்தானியாவில் நிலைமை வேறு. சாம்பல் அணில் அங்கே 1876இல் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அந்நியப் பிராணி, பிடித்தால் மீண்டும் விடுவதற்கே அனுமதியில்லை. எங்கள் அணில் அந்நியமன்று. நாம் கூரை மாற்றுமுன்னரே இம்மண்ணில் இருந்தது.

கூரை பற்றி எழுதும் எவரும் 2004 டிசம்பர் 26ஐத் தாண்டிச் செல்ல முடியாது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை என்றார்கள். 2005இன் இறுதியில் அது தளர்த்தப்பட்டது. மருதமுனையில் ஒரு குடியிருப்பின் பெயரே 65 மீற்றர் வீட்டுத்திட்டம். ஊருக்குப் பெயர் வைத்த காலம் போய் அளவுகோலே பெயரானது.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியுடன் 500 வீடுகள் எழுந்தன. அவற்றை எவருக்குக் கொடுப்பது என்பது இனப் பிரச்சினையாக்கப்பட்டு, 2008இல் உயர் நீதிமன்றம் வரை சென்றது. கூரையும் கதவும் உள்ள அந்த வீடுகள், 2020களின் தொடக்கம் வரையிலும் கையளிக்கப்படாமல் காடு மண்டிக் கிடந்தன. குறுந்தொகையில் ஒரு புலவர் இருக்கிறார், இயற்பெயர் தெரியாது. ஆளில்லா வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடும் காட்சியைப் பாடியதால் அணிலாடு முன்றிலார் என்றே அழைக்கப்படுகிறார். காதலன் பிரிந்தபோது தன் மனம் அந்த வீடுபோல் ஆகிறது என்கிறாள் அவருடைய தலைவி. மக்கள் கைவிட்டுப்போன வீட்டுக்கு அணில் அடையாளமாக இருந்தது அன்று. கூடாரத்தில் வருடக்கணக்கில் படுத்திருந்த குடும்பங்களை அறிந்தவன் என்ற வகையில், மக்களை உள்ளேயே விடாத வீட்டுக்கு என்ன அடையாளம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்கள் வாழும் வீடுகளுக்குரிய காரியத்துக்கு வருவோம். ஓடாவி ஒருவரை மாரிக்கு முன்னர் அழையுங்கள். சீற்றில் எவரும் ஏறவேண்டாம். ஏணி வைத்துச் சுவரோரமாகவே பார்க்கலாம். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள், மரத்தை அல்ல. வயர்களைக் குழாய்க்குள் இடச் செய்யுங்கள். குட்டிகளின் கீச்சொலி கேட்டால் இரண்டு, மூன்று மாதம் பொறுக்கத்தான் வேண்டும். அதன்பின் நெளிவுத் துவாரங்களைச் சாந்தாலோ அரை அங்குலக் கம்பிவலையாலோ அடையுங்கள். கடைசி வாசலை மட்டும் விட்டுவைத்து, அதில் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணியுங்கள். உள்ளே ஆள் இருந்தால் மறுநாளுக்குள் தாள் கீழே கிடக்கும். மழையில்லாத மூன்று நாட்கள் தாள் அசையாமல் இருந்தால் அந்த வாசலையும் அடைக்கலாம். முப்பது வருடமாக நான் எழுதிய தாள்களுக்கு எங்கள் வீட்டில் இந்த உபயோகமும் உண்டு. சென்ற ஆவணியில் இரண்டுமுறை கீழே விழுந்தன, மூன்றாம் முறைதான் நின்றன.