நாஞ்சில்நாட்டு வில்லுப்பாட்டுக் குழு

கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியிலும் நாட்டார் தெய்வக் கோயில்களின் கொடை விழாவில் கதைப்பாடல் நிகழ்த்தும் குழு வில்லுப்பாட்டுக் குழு எனப்படுகிறது. பழைய திருவிதாங்கூர் வழக்கில் இக்கலைக்கு வில்லடிச்சான்பாட்டு என்று பெயர். வில்லடி என்றும் சொல்வதுண்டு. வில்லிசை என்னும் பெயர் இக்கலை கோயில் முற்றத்தைவிட்டு மேடைக்கும் வானொலிக்கும் வந்தபின் பரவலானது. ஒரே கலைக்கு அமைந்த இரண்டு பெயர்களும் ஏறத்தாழ இரண்டு வகையான குழுக்களைக் குறிப்பவை. ஒன்று தெய்வத்தின் முன் பாடுவது, மற்றொன்று பார்வையாளர் முன் பாடுவது. இருபதாம் நூற்றாண்டில் புகழ் பெரும்பாலும் இரண்டாவது வகைக்கே கிடைத்தது.

குழுவின் அமைப்பு

வில்லுப்பாட்டுக் குழுவில் ஐந்து முதல் எட்டுப் பேர் வரை இருப்பர். கதையை நடத்திச் செல்பவர் புலவர் அல்லது அண்ணாவி. மேற்கத்திய இசைக்குழுவுக்குத் தனிப்பெயர் உண்டு. பாடகர் மாறினாலும் அப்பெயர் நிலைக்கும். நாஞ்சில்நாட்டில் குழுவின் பெயர் புலவரின் பெயர்தான், அவர் ஊரும் பெயருமே கொடை நோட்டீசில் அச்சாகும். ஆகவே ஒரு குழுவின் ஆயுள் பெரும்பாலும் அதன் புலவரின் குரல் இருக்கும் காலம்வரைதான். அவருக்குப் பின் பக்கப்பாட்டுக்காரர் ஒருவர் தன் பெயரில் புதுக்குழு தொடங்குவார். பழைய ஏடுகளும் நோட்டுகளும் கைமாறும்.

வில் பத்தடிக்குக் குறையாத நீளமுடையது. வைரம் பாய்ந்த பனையில் செய்வர். நாணை மேல்நோக்கி வைத்து, வில்லின் முதுகைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். வில்லில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் வெண்கல மணிகள் தொங்கும். புலவர் இரு கைகளிலும் வீசுகோல் கொண்டு நாணைத் தட்டுகிறார். குடம் அடிப்பவர் ஒரு கையில் பத்தியால் குடத்தின் வாயையும், மறுகையில் நாணயத்தால் அதன் உடலையும் அடிப்பார். உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை உடன் ஒலிக்கும். ஆர்மோனியம் பின்னால் வந்து சேர்ந்தது.

பாட்டை எடுத்துக் கொடுக்கும் பக்கம் வலம், அதை வாங்கிப் பாடும் பக்கம் இடம். இடம் பாடுபவரின் வேலை எளிமையானது போலத் தோன்றும். ஆமா போடுவது, கேள்வி கேட்பது, அடியை மீண்டும் பாடுவது ஆகியவைதான் அவருக்கு. ஆனால் புலவர் மூச்சு வாங்கும் இடத்தையும், அடுத்த அடி அவருக்கு நினைவுவராத இடத்தையும் நிரப்புபவர் அவரே. நல்ல இடம் அமையாத புலவர் நெடுங்காலம் நிலைத்ததில்லை.

கொடையும் குழுவும்

நாஞ்சில்நாட்டில் நெல் இருபூ. கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு விளைச்சல். கும்பப்பூ அறுவடை முடிந்து களத்தில் நெல்லும் கையில் காசும் இருக்கும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் கொடைகள் மிகுதி. குழுக்களின் வருமானக் காலமும் அதுவே. கோயில் வரிதாரர்கள் வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுத்துப் புலவரை உறுதிசெய்வர். மழை மாதங்களில் பாடகர்கள் பெரும்பாலும் கூலிவேலைக்கோ விவசாயத்துக்கோ பனையேற்றத்துக்கோ திரும்பினர்.

குடியழைப்பு இரவில் தொடங்கும் பாட்டு அடுத்த நாள் உச்சிக்கொடை, நள்ளிரவுக் கொடை எனத் தொடரும். காப்பு, குருவணக்கம், அவையடக்கம், நாட்டுவளம் என்று விரிந்து கதைக்குள் செல்லும். பாடப்படும் கதை அந்தக் கோயிலின் தெய்வத்தினுடையது. சுடலைமாடன், இசக்கி, முத்துப்பட்டன், தோட்டுக்காரி அம்மன் எனக் கோயிலுக்கு ஏற்பக் கதை மாறும். முதன்மைத் தெய்வத்தின் கதைக்கு முன்னும் பின்னும் துணைத்தெய்வங்களின் கதைகள் சுருக்கமாகப் பாடப்படும்.

குழுவின் திறமை சோதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு. தெய்வம் கொலையுண்ட கட்டம் அல்லது வரம் பெற்று இறங்கும் கட்டம் கோயிலில் பூசை நிகழும் வேளையோடு பொருந்த வேண்டும். பூசை தாமதமானால் புலவர் கதையை நீட்ட வேண்டும். நாட்டுவளத்தில் இன்னும் இரண்டு குளமும் நான்கு வயலும் சேரும், இடம் பாடுபவரோடு நையாண்டி வளரும். பூசாரி விரைந்தால் ஒரு தலைமுறையையே நான்கு அடிகளில் கடக்க நேரும். அந்தக் கட்டம் வந்ததும் தாளம் முடுகும், நையாண்டி மேளமும் சேரும். கோமரத்தாடி மேல் தெய்வம் இறங்குவது அப்போதுதான். இறங்கவில்லை என்றால் பாட்டில் குறை என்றே ஊர் சொல்லும். கைதட்டல் இல்லாத இந்தக் கலையில் தீர்ப்பு அப்படித்தான் வந்தது.

இத்தகைய கொடைகளை 1970களின் பிற்பகுதியில் இப்பகுதியில் தங்கி ஆராய்ந்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டுவர்ட் பிளாக்பர்ன். பிறப்பையும் இறப்பையும் பாடுதல் என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல் 1988ல் வெளிவந்தது. வில்லுப்பாட்டுக் கதைகளை அவர் இரண்டாகப் பகுத்தார். தெய்வமாகவே பிறந்தவர்களின் கதைகள் ஒன்று, மனிதராகப் பிறந்து கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகள் மற்றொன்று. வாய்மொழிக் கலை என்றால் பாட்டு மேடைக்கு மேடை மாறும் என்பது பொதுவான எண்ணம். பிளாக்பர்ன் கண்டது வேறு. சடங்கின் மையத்தை நெருங்க நெருங்கப் பாட்டு ஏட்டில் உள்ளபடி இறுகுகிறது, விலகும்போது புலவரின் சொந்தச் சொல் பெருகுகிறது. புலவர்கள் ஏட்டுச்சுவடியையும் கைப்பிரதி நோட்டையும் பேணிக் காத்ததன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

பாடிய வரலாறு

வில்லின் பிறப்பைப் பற்றிச் செவிவழிக் கதைகள் பல. வேட்டைக்குச் சென்றவர்கள் ஓய்வில் வில்நாணைத் தட்டிப் பாடினர் என்பது அவற்றுள் பரவலானது. அரசப் புலவர் என்பவரே இக்கலையை வகுத்தவர் என்று கருதும் மரபும் உண்டு. உறுதியாகச் சொல்லத்தக்கது குழுக்கள் பாடிவந்த கதைகளில் உள்ள வரலாறு. 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் படையோடு நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் போரிட்டு மாண்ட வேணாட்டுத் தலைவரின் கதை இரவிக்குட்டிப்பிள்ளைப் போர். அரண்மனையின் ஆவணத்தில் ஒரு தோல்வியாக முடிந்துபோகும் செய்தி, பாட்டில் வீட்டுப் பெண்கள் கண்ட தீய கனவுகளோடும் அவர்களின் தடுக்கும் குரலோடும் விரிகிறது.

தம்பிமார் கதை இன்னும் கூர்மையானது. வேணாட்டில் அரசுரிமை மருமக்கள் வழியில் சென்றது. மன்னர் ராமவர்மாவுக்குப் பின் 1729ல் மருமகன் மார்த்தாண்டவர்மா பட்டமேற்றார். மன்னரின் மகன்களான தம்பிமார் அவரால் கொல்லப்பட்டனர். 1891ல் வெளிவந்த சி.வி. ராமன் பிள்ளையின் மார்த்தாண்டவர்மா மலையாள நாவலில் தம்பிமார் சூழ்ச்சிக்காரர்கள். வில்லுப்பாட்டில் அவர்கள் வஞ்சிக்கப்பட்டவர்கள், தங்கையை அரசர் மணக்க விரும்பியதில் தொடங்கிய பகையில் உயிரிழந்தவர்கள். அந்தத் தம்பிமார் தெய்வமாகி வழிபாடும் பெற்றனர். அரசர் ஆண்ட மண்ணிலேயே, அரசரின் பரம்பரை ஆட்சியில் இருக்கும்போதே, குழுக்கள் இக்கதையைக் கோயிலில் பாடிவந்தன என்பது கவனிக்கத்தக்கது. சாமி கதை என்பதால் அது கேள்விக்கு உள்ளாகவில்லை போலும்.

இக்கதைப்பாடல்கள் அச்சில் வர நெடுங்காலம் ஆனது. முத்துப்பட்டன் கதை உள்ளிட்டவற்றை நா. வானமாமலை பதிப்பித்தார். தி.சி. கோமதிநாயகம் வில்லுப்பாட்டைத் தனி ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். நாஞ்சில்நாட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்ததில் அ.கா. பெருமாளின் பணி பெரிது.

கோயிலுக்கு வெளியே

கிறித்தவம் வேரூன்றிய இம்மாவட்டத்தில் தேவாலயங்களும் வில்லை எடுத்துக்கொண்டன. 1752ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட நட்டாலம் தேவசகாயம் பிள்ளையின் வரலாறு வில்லுப்பாட்டாகவும் பாடப்பட்டது. கொலையுண்டவரைப் பாடும் வடிவம் தயாராக இருந்த நிலத்தில் இது இயல்பாகவே நிகழ்ந்தது.

பெரிய திருப்பம் ஒழுகினசேரியில் 1908ல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வழியாக வந்தது. சிறுவயதிலேயே வில்லுப்பாட்டில் தோய்ந்திருந்த அவர், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து, திரைப்படத்தில் முதன்மை நகைச்சுவை நடிகராக உயர்ந்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டனை பெற்று 1947ல் விடுதலையானபின் அவர் மேடைகளில் வில்லைக் கையிலெடுத்தார். காந்தியின் வாழ்க்கை அவர் குழு பாடிய கதைகளுள் ஒன்று. அதற்குப் பாட்டெழுத அவர் அழைத்துக்கொண்ட இளைஞர் திருநெல்வேலி சத்திரப்புதுக்குளத்தைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகம். கொலையுண்ட மனிதரைப் பாடும் கலை காந்தியைத் தேர்ந்தது தற்செயலாகவே இருக்கலாம், ஆனால் பொருந்தியது.

1957ல் கிருஷ்ணன் மறைந்தபின் சுப்பு ஆறுமுகம் சென்னையில் தன் குழுவை நடத்தினார். வானொலி, பள்ளி, பொதுக்கூட்டம், தொலைக்காட்சி என வில்லிசை பரவியது. சாத்தூர் பிச்சைக்குட்டியும் இக்காலத்தில் புகழ்பெற்றவர். இரவு முழுவதும் நீண்ட கதை ஒன்றரை மணிநேரமானது. காப்பும் அவையடக்கமும் சடங்கிலிருந்து சிரிப்புக்கு மாறின. சேமிப்பு, குடும்பக்கட்டுப்பாடு, எழுத்தறிவு ஆகியவற்றையும் வில் பாடியது. சுப்பு ஆறுமுகம் 2021ல் பத்மஸ்ரீ விருது பெற்று 2022 அக்டோபரில் மறைந்தார். தமிழகத்தின் பிற பகுதிகளில் வில்லுப்பாட்டு என்றதும் நினைவுக்கு வருவது அவர் முகமே.

மேடைக்குழு இழந்தது என்ன என்று கேட்டால், அந்த நள்ளிரவு வேளை எனலாம். அங்கே யார்மேலும் தெய்வம் இறங்க வேண்டியதில்லை. பாட்டு பிசகினால் சிரித்துக் கடக்கலாம். பெற்றதும் அதிகம். கோயிலின் கதையோடு கட்டுப்படாமல் எதையும் பாடும் உரிமை அதற்குக் கிடைத்தது. இது இறக்கமா வளர்ச்சியா என்ற விவாதம் ஆய்வாளரிடையே உண்டு. கொடைப் புலவர்களுக்கு அது ஒரு சிக்கலாகவே தோன்றியதில்லை. வேறு தொழில் என்று அவர்கள் அதை விட்டுவிட்டனர்.

பெண் புலவர்கள்

புலவராகப் பெண்கள் அமர்ந்து குழுவை நடத்துவது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. அத்தலைமுறையில் நினைவில் நின்றவர் பூங்கனி. சிறுமியாக இருந்தபோது பெண்கள் வில்லடித்துப் பாடுவதைக் கண்டு ஈர்க்கப்பட்டு, பத்து வயதையொட்டிப் பாடத் தொடங்கியவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கொடைகளில் பாடினார். அவருடைய கணவர் குழுவில் குடம் அடித்தார். வலப்புறம் மனைவி, குடத்தில் கணவர் என்று அமைந்த அக்குழு ஊர் ஊராகச் சென்றது.

பெண்கள் தலைமையேற்றதும் கூட்டம் பெருகியது. ஆனால் குழுவின் வரவு கொடையோடு முடிவது, வயது வந்ததும் அழைப்பு நிற்பது என்ற விதியில் மாற்றமில்லை. பூங்கனி பிற்காலத்தில் கொட்டாரத்தில் வறுமையில் தனியே வாழ்ந்தார். பத்திரிகைகளும் இளம் கலைஞர்களும் அவரைத் தேடி வந்தது அவர் பாடுவதை நிறுத்திப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே. 2018 நவம்பரில் காலமானார். வில்லிசையால் தேசிய விருது பெற்றவருக்கும் இவருக்கும் இடையே இருந்த வேறுபாடு திறமையினுடையது அல்ல. ஒருவர் பாடிய இடத்தில் ஒலிவாங்கியும் ஒலிப்பதிவும் இருந்தன. மற்றவர் பாடிய இடத்தில் தெய்வமும் ஊரும் மட்டுமே இருந்தன.

இன்று

1984 அக்டோபரில் நாகர்கோவிலில் தொடங்கிய வானொலி நிலையம் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். வட்டாரப் பேச்சும் வட்டாரக் கலையும் காற்றில் வர அது வழிசெய்தது. எனினும் குழுக்களைத் தாங்குவது இன்றும் கொடைதான். இன்னிசைக் கச்சேரியும் செண்டைமேளமும் கொடையின் செலவில் பங்கு கேட்கின்றன. ஒலிபெருக்கிக்கு நேரக் கட்டுப்பாடு வந்துவிட்டது. முன்பு இரண்டு இரவுகளில் பாடிய கதையைச் சில மணிநேரத்தில் முடிக்கும்படி கோயில்காரர்களே கேட்கின்றனர். குழுக்கள் நாட்டுவளத்தையும் பிறப்புச் சடங்குகளையும் குறைத்துக்கொள்கின்றன. கீபோர்டு வந்துவிட்டது. பூசைவேளைக் கட்டத்தைக் குறைக்கச் சொல்ல மட்டும் எவரும் துணிவதில்லை.