தரவுத்தள இயக்கி

தரவுத்தள இயக்கி என்பது, ஒரு செயலி விடுக்கும் வினவலைக் குறிப்பிட்ட தரவுத்தள சர்வருக்குப் புரியும் நெறிமுறையில் அனுப்பி, விடையை வாங்கித் தரும் மென்பொருள் நூலகம். பணியிடப் பேச்சில் இதை டிரைவர் என்றே சொல்கிறார்கள். டிபீவர், டேட்டாகிரிப், ஸ்குவிரல், ஆரக்கிள் எஸ்கியூஎல் டெவலப்பர் போன்ற வரைகலைக் கருவிகள் அட்டவணைகளை விரித்துக் காட்டுகின்றன, வினவல் எழுத இடம் தருகின்றன, விடையைக் கட்டங்களில் அடுக்குகின்றன. சர்வருடன் பேசுவது இயக்கிதான். இணைப்பு கிடைக்காதபோது பலரும் கருவியை நீக்கி மறுபடி நிறுவிப் பார்க்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. இயக்கியின் பதிப்பிலோ, வலையமைப்பிலோ, சர்வரின் அனுமதி அமைப்பிலோ அது இருக்கும். எந்த அடுக்கில் என்பதைப் பிழைச்செய்தியே பெரும்பாலும் சொல்லிவிடும்.

தோற்றமும் வகைகளும்

ஒவ்வொரு தரவுத்தளமும் தனக்கென ஒரு நெறிமுறை வைத்திருந்ததால், ஒன்றுக்கு எழுதிய செயலியை இன்னொன்றுக்கு மாற்ற நிரலையே திருத்த வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் 1992-இல் வெளியிட்ட ஓடிபிசி இதற்கு வழி செய்தது: செயலியின் அழைப்புகள் மாறாமல் இருக்கும், இயக்கி மட்டும் மாறும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இதே கருத்தை ஜாவாவுக்குக் கொண்டுவந்து, 1997-இல் ஜேடிகே 1.1 உடன் ஜேடிபிசியை வெளியிட்டது.

ஜேடிபிசி இயக்கிகள் நான்கு வகைப்படும். முதல் வகை, ஓடிபிசி வழியாகச் செல்லும் பாலம். 2014-இல் வந்த ஜாவா 8 அதைக் கைவிட்டது. இரண்டாவது, தரவுத்தள நிறுவனத்தின் சொந்த நூலகம் கணினியில் இருந்தால்தான் இயங்கும். மூன்றாவதற்கு இடையில் ஒரு சர்வர் தேவை. நான்காவது முழுக்க ஜாவாவில் எழுதப்பட்டுத் தரவுத்தளத்துடன் நேரே பேசுவது. இன்று வரைகலைக் கருவிகளில் புழங்குபவை பெரும்பாலும் இந்த நான்காம் வகையே. இயக்கியை ஏந்தும் ஒரே ஜார் கோப்பு விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுவது இதனால்தான். மாறாக, ஓடிபிசியில் 32 பிட் செயலிக்கு 32 பிட் இயக்கியும் 64 பிட்டுக்கு 64 பிட்டும் பொருந்தியாக வேண்டும்.

இயக்கியை அமைத்தல்

டிபீவரில் புதிய இணைப்பைத் தொடங்கித் தரவுத்தளத்தின் பெயரைத் தேர்ந்தால், உரிய ஜார் கோப்புகளை மேவன் களஞ்சியத்திலிருந்து இறக்க அனுமதி கேட்கும். இணையம் திறந்திருக்கும் இடத்தில் அத்துடன் வேலை முடிந்தது. வங்கிகள், அரசு அலுவலகங்கள் போன்ற மூடிய வலையமைப்புகளில் ஜார் கோப்பை வேறொரு கணினியில் இறக்கிக் கொண்டுவந்து, இயக்கி மேலாளர் திரையில் கையால் சேர்க்க வேண்டும். அப்போது பழைய பதிப்பை நீக்கிவிடுவது அவசியம். ஒரே இயக்கியின் இரு பதிப்புகள் பட்டியலில் இருந்தால், எந்த வகுப்பு ஏற்றப்படும் என்பதை நம்பிச் சொல்ல முடியாது. இப்படி எழும் பிழைகள் ஒருநாள் வரும், மறுநாள் வராது.

ஜார் கோப்பின் பெயரில் உள்ள எண்ணும் குழப்பத்துக்கு இடம் தருகிறது. ஆரக்கிளின் ஓஜேடிபிசி8, ஓஜேடிபிசி11 என்பவற்றில் 8, 11 என்பவை ஜாவாவின் பதிப்புகள். தரவுத்தளத்தின் பதிப்புகள் அல்ல. புதிய ஜாவாவுக்குத் தொகுக்கப்பட்ட இயக்கியைப் பழைய ஜாவாவில் ஏற்றினால், வகுப்புக் கோப்பின் பதிப்பு ஒத்துவரவில்லை என்ற செய்தி வரும். அதில் 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் ஜாவா 11, 61 என்றால் ஜாவா 17.

இயக்கியின் வயது சர்வரின் வயதோடும் பொருந்த வேண்டும். போஸ்ட்கிரஸ் 10-ஆம் பதிப்பு 2017-இல் ஸ்க்ராம் என்னும் கடவுச்சொல் சரிபார்ப்பு முறையைக் கொண்டுவந்தது. 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பு அதையே இயல்பு முறையாக்கியது. ஸ்க்ராம் அறியாத பழைய இயக்கி, அங்கீகார வகை 10-க்கு ஆதரவில்லை என்று சொல்லி நின்றுவிடும். கடவுச்சொல் சரியாகவே இருக்கும். அதை நூறு முறை மாற்றினாலும் பயன் இல்லை. ஜார் கோப்பைப் புதுப்பித்தால் தீரும்.

இணைப்பு விவரங்கள்

சர்வரின் முகவரி, போர்ட் எண், தரவுத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல் ஆகிய ஐந்தும் சேர்ந்து இணைப்பாகின்றன. இயல்பான போர்ட் எண்கள் போஸ்ட்கிரஸுக்கு 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, ஆரக்கிளுக்கு 1521, எஸ்கியூஎல் சர்வருக்கு 1433. எஸ்கியூலைட்டுக்குப் போர்ட் கிடையாது. கோப்பின் பாதை போதும். ஆனால் பாதையில் உள்ள கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பிழை காட்டாமல் புதிய வெற்றுக் கோப்பை உருவாக்கிக்கொள்வது அதன் இயல்பு. அட்டவணைகள் எல்லாம் மாயமாகிவிட்டன என்று பதறுவதற்கு முன் பாதையைச் சரிபார்க்க வேண்டும்.

ஆரக்கிளில் தரவுத்தளத்தை எஸ்ஐடி என்னும் பெயரால் அழைக்கலாம், சர்வீஸ் பெயராலும் அழைக்கலாம். இணைப்பு முகவரியை எழுதும் முறை இரண்டுக்கும் வேறு. ஓஆர்ஏ-12505 என்ற பிழை, கொடுத்த எஸ்ஐடியை லிசனர் (சர்வரில் இணைப்புகளை ஏற்கும் நிரல்) அறியவில்லை என்கிறது. ஓஆர்ஏ-12514 அதையே சர்வீஸ் பெயரைப் பற்றிச் சொல்கிறது. இரண்டுமே ஒருவகையில் நல்ல செய்திகள்: வலையமைப்பு வழிவிட்டு, லிசனர் பதில் சொல்லியிருக்கிறது. திரையில் ஒரு தேர்வை மாற்றினால் பெரும்பாலும் இணைப்பு கிடைத்துவிடும்.

மறுப்புகளைப் படித்தல்

வலையமைப்பு சார்ந்த தோல்விகளில் முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், பெரும்பாலும் கணினி எட்டிவிட்டது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. போஸ்ட்கிரஸ் இயல்பாகத் தன் கணினியிலிருந்து வரும் அழைப்புகளை மட்டுமே கேட்கிறது. எஸ்கியூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பில் டிசிபி இணைப்பு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். மாறாக, நெடுநேரம் காத்திருந்து காலம் கடந்துவிட்டது என்று வந்தால், இடையில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் பொட்டலங்களைக் கைவிடுகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கு வலையமைப்பு நிர்வாகியைத்தான் அணுக வேண்டும்.

அடுத்தது அனுமதி. போஸ்ட்கிரஸில் எந்த முகவரியிலிருந்து எந்தப் பயனர் எந்தத் தரவுத்தளத்துக்கு வரலாம் என்பதை பிஜி_எச்பிஏ என்ற கோப்பு வரிவரியாகச் சொல்கிறது. மைஎஸ்கியூஎல்லில் கணக்கு என்பதே பயனர் பெயரும் அவர் வரும் இடமும் சேர்ந்தது. லோக்கல்ஹோஸ்டில் நுழைய முடிந்தவர் இன்னொரு கணினியிலிருந்து மறுக்கப்படலாம்.

2018-இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 சரிபார்ப்பு முறையை மாற்றியபின், பொதுச்சாவியைப் பெற அனுமதியில்லை என்ற செய்தி பலருக்கும் பழக்கமாகிவிட்டது. மறையாக்கம் இல்லாத இணைப்பில் கடவுச்சொல்லை சர்வரின் பொதுச்சாவியால் பூட்டி அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் சாவியை சர்வரிடமே கேட்டு வாங்கினால், நடுவில் ஒருவர் புகுந்து தன் சாவியைக் கொடுத்துவிடலாம் என்பதால் இயக்கி தானாகக் கேட்பதில்லை. அனுமதியை இயக்கியின் பண்புகளில் திறந்துவிடுவது சொந்தக் கணினியில் பரவாயில்லை. வெளி வலையமைப்பில் டிஎல்எஸ் மறையாக்கத்தை இயக்குவதே சரி. மைக்ரோசாஃப்டின் ஜேடிபிசி இயக்கியும் 10.2 பதிப்பிலிருந்து மறையாக்கத்தை இயல்பாக்கியது. அதனால், நேற்றுவரை எஸ்கியூஎல் சர்வருடன் கிடைத்த இணைப்பு, இயக்கியைப் புதுப்பித்ததும் சான்றிதழை நம்ப முடியவில்லை என்று மறுக்கப்படலாம். எந்தச் சான்றிதழையும் நம்பு என்ற தேர்வு உடனே வேலை செய்யும். காப்பு மட்டும் அங்கே போய்விடும்.

தரவுத்தளம் நேரே எட்டாதபோது, இடையில் உள்ள ஒரு எஸ்எஸ்எச் சர்வர் வழியாகச் செல்லும் எஸ்எஸ்எச் சுரங்கம் பயன்படுகிறது. சுரங்கத்தை இயக்கியபின் முதன்மைத் திரையில் எழுதும் முகவரி, எஸ்எஸ்எச் சர்வரின் இடத்திலிருந்து பார்க்கப்படும் முகவரி. அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்பது பயனரின் கணினி அல்ல, மறுமுனைக் கணினி.

இணைந்த பிறகு

டிபீவர் ஒரே சர்வருக்குப் பல இணைப்புகளைத் திறக்கக்கூடும்: அட்டவணை விவரங்களைப் படிக்க ஒன்று, வினவல் திரைகளுக்கு வேறு. போஸ்ட்கிரஸின் இயல்பு வரம்பு 100 இணைப்புகள் என்பதால், பெரிய குழுவில் இது கவனிக்கத்தக்கது. தானாக உறுதிசெய்யும் முறையை அணைத்துவிட்டு ஒரு வரியைத் திருத்தி, உறுதிசெய்யாமல் எழுந்து போனால், அந்த வரியின் பூட்டுக்காகப் பிறர் காத்துக்கிடப்பார்கள்.

டிபீவரில் இணைப்புகளை மேம்பாடு, சோதனை, உற்பத்தி என வகைப்படுத்தலாம். உற்பத்தி வகை சிவப்புச் சாயலில் தெரியும், கையால் உறுதிசெய்யும் முறையில் திறக்கும். நல்ல வசதிதான். ஆனால் அது கருவியின் அடுக்கில் மட்டும் இருக்கும் காவல். வேறொரு கருவியில் அதே பயனர் நுழைந்தால் அந்தக் காவல் இல்லை. அறிக்கை எடுக்க மட்டும் வருபவருக்கு, படிக்கும் உரிமை மட்டுமே கொண்ட தனிக் கணக்கை சர்வரிலேயே உருவாக்கி, அந்தக் கணக்கை இணைப்பில் இட வேண்டும்.