அட்லஸ் மலை முதல் அம்பத்தூர் வரை

கோவில்பதாகை ஏரிக்கரையிலிருந்து ஆவடி வழியாக அம்பத்தூர்த் தொழிற்சாலைகளுக்குச் சைக்கிள் மிதித்தே போய்த் திரும்புவதை நித்திய கர்மமாகக் கொண்டிருந்த ஒரு தலைமுறை நம் பகுதியில் வாழ்ந்தது. அதே எளிய வாகனம், அவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு தம்பதியை மலையைக் கடந்து பாலைவன விளிம்பை எட்டச் செய்து, பிறகு நம் தென்னாட்டுக்கும் அழைத்து வந்த சரித்திரம் இங்கே அதிகம் பேசப்படுவதில்லை.

அமெரிக்காவில் 1859இல் பிறந்த ஃபான்னி புல்லக் வொர்க்மன் அம்மையாரும் அவர் கணவர் டாக்டர் வில்லியம் ஹன்டர் வொர்க்மனுமே அந்தத் தம்பதி. இருவர் சேர்ந்து மிதிக்கும் இரட்டை இருக்கைச் சைக்கிள் அக்காலத்தில் புழக்கத்தில் இருந்தபோதிலும், இவர்கள் ஆளுக்கொரு சைக்கிளிலேயே சென்றார்கள். கணவருக்குச் சற்றும் குறையாமல், அந்த அம்மையார் தம் கால்பலத்தினாலேயே தம் தூரத்தைக் கடந்தார் என்பதை நான் விசேஷமாக மதிக்கிறேன். அல்ஜீரியாவில் அட்லஸ் மலைத்தொடரைத் தாண்டி ஸஹாராவின் விளிம்பை எட்டிய யாத்திரையைப் பற்றிய அவர்களுடைய நூல் 1895இல் வெளிவந்தது.

1897ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா ஆகிய தேசங்களில் அவர்கள் சுமார் 14,000 மைல் பிரயாணம் செய்தார்கள். குமரிமுனையிலிருந்து இமயம் வரை மிதித்த அந்த வழியில், சில நாட்களில் நாற்பது பஞ்சர் வரை ஏற்பட்டதாம். பஞ்சர் ஒட்டியவர்களுக்கே அதன் பொருள் விளங்கும்: டயரைக் கழற்றி, ட்யூபை உருவி, காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, உலர்த்தித் தேய்த்து, சொலூஷன் தடவி, அது பதமாகக் காயும் வரை காத்திருந்து ஒட்டுவதை, நிழலில்லாத சாலையோரத்தில் ஒரே பகலில் திரும்பத் திரும்பச் செய்வதற்கு அசாத்தியமான பொறுமை வேண்டும். இரவில் ரயில் நிலையங்களின் தங்கும் அறைகளில் கொசுக்கடிக்கிடையே உறங்கவும் நேர்ந்தது.

புறப்படுமுன் ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் படித்திருந்த அம்மையார், நம் புராதன ஆலயங்களின் சிற்ப வேலைப்பாட்டைச் சிரத்தையோடு கண்டார். ஆனால் அந்தக் கற்களைப் போற்றியவர்கள், சமகாலத்தில் அவற்றைச் சூழ வாழ்ந்த மனிதர்களைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார்கள். இமயத்தில் சுமை தூக்கிய கூலியாட்களிடம் இத்தம்பதி காட்டிய கடுமையும் மன்னிக்கத்தக்கதன்று. அவர்களுடைய துணிவை மெச்சும்போது இந்தக் குறையை மறைப்பது நியாயமாகாது.

அவர்கள் வந்த நாளில் சைக்கிள் என்பது கப்பலேறி வரும் சீமைச் சரக்கு. 1949இல் முருகப்பா குடும்பத்தார், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டாக டி.ஐ. சைக்கிள்ஸை நிறுவி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்யத் தலைப்பட்டனர். டயருக்குப் பேர்போன டன்லப்பும் பின்னர் அம்பத்தூருக்கே வந்தது. சீமையிலிருந்து வந்த பண்டம் நம் ஊர்க் கைகளின் தொழிலாயிற்று.

வொர்க்மன் தம்பதி தம் பயணத்தை 1904இல் பெரிய நூலாக அச்சிட்டார்கள். சைக்கிளைச் செய்து, அதிலேயே வீடு திரும்பியவர்களின் அனுபவத்தையோ எவரும் அவ்வளவு விரிவாக எழுதவில்லை. கோவில்பதாகையிலும் ஆவடியிலும் இத்தகைய முதியவர்கள் உங்கள் வீட்டில் இருப்பார்களாயின், தயவுசெய்து இப்போதே அவர்களருகில் அமர்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.