அஞ்சற் பாதையும் மரக்குற்றிச் சுவர்களும்: பிறிட்ஜர் கோட்டை பற்றிய சில சிந்தனைகள்

ஐக்கிய அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துத் தென்மேற்கு மூலையிலே, யுவின்டா மலைத்தொடருக்கு வடக்கே, பிளாக்ஸ் போர்க் எனப்படும் சிற்றாறு கிளை கிளையாகப் பிரிந்து பாயும் புல்வெளியில் பிறிட்ஜர் கோட்டை அமைந்துள்ளது. கோட்டை என்றதும் நம் மனதில் எழும் கொத்தளமோ அகழியோ அங்கில்லை. திறந்த முற்றமொன்றைச் சூழ ஆங்காங்கே நிற்கும் சில கட்டடங்களையே நாம் காண்கிறோம். அவற்றுள் மிகப் பழையதொன்று 1858இல் மரக்குற்றிகளால் எழுப்பப்பட்ட படை அதிகாரி இல்லமாகும். வணிகர் ஒருவரின் களஞ்சியமும் கடையும் அவற்றைச் சார்ந்த சிறு கட்டடங்களும், 1860இல் எழுந்த ஒரு சிறு பள்ளிக்கூடமும், குதிரை அஞ்சற் சேவையுடன் தொடர்புபடுத்தப்படும் தொழுவமும் அங்குள்ளன. இத்தளம் மேற்கு நோக்கிய அஞ்சற் பாதைகளைக் காத்து நின்றது என்பதே அதற்குப் பொதுவாக வழங்கப்படும் பெருமை. எவரிடமிருந்து, எவருக்காக அப்பாதை காக்கப்பட்டது என்ற வினாவை, எஞ்சியுள்ள இக்கட்டடங்களைச் சான்றாகக் கொண்டு எழுப்ப விரும்புகிறோம்.

முதலிற் கட்டடப் பொருளைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். மலைச்சாரலில் வெட்டிய மரத்தின் கிளைகளைக் கழித்து, குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடையாக அடுக்கி, மூலைகளில் வெட்டுவாய் கொத்தி ஒன்றோடொன்று பொருத்துவர். இடைவெளிகளை மரச்சிம்பாலும் களிமண்ணாலும் அடைப்பர். ஆணி அதிகம் வேண்டியதில்லை. தேர்ந்த தச்சரும் வேண்டியதில்லை. கோடரி பிடிக்கத் தெரிந்த சிப்பாய்களே போதும். மாரி வருமுன் கூரையின் கீழ் ஒதுங்கவேண்டிய படைக்கு இதைவிட உகந்த முறை இல்லை. இத்தகைய சுவர் பெரும்பாலும் அடியிலிருந்தே அழியத் தொடங்கும். நிலத்தைத் தொடும் குற்றி ஈரம் குடித்து உக்கினால் மேலுள்ளவை தாமாகச் சாயும். உலர்ந்த அக்குளிர்நிலம் மரத்துக்கு ஓரளவு அனுகூலமானது. இன்னொரு குணமும் அதற்குண்டு: குற்றிச் சுவரைக் கழற்றலாம், வண்டியில் ஏற்றலாம், வேறிடத்தில் மீண்டும் அடுக்கலாம். இக்குணமே பிற்காலத்தில் இத்தளத்தின் விதியைப் பெரிதும் நிர்ணயித்தது.

1843இல் ஜிம் பிறிட்ஜர் என்னும் மலைவேட்டுவர் லூயி வாஸ்கெஸ் என்பவருடன் சேர்ந்து இவ்விடத்தில் ஒரு வணிக நிலையத்தை நிறுவினார். தோல் வணிகம் தேய்ந்து, ஒறிகன் நோக்கிய குடியேற்ற வண்டிகள் பெருகத் தொடங்கிய வேளை அது. பின்னர் யூட்டாவிலிருந்த மொர்மன் சமயத்தார் அதனைத் தம் வசப்படுத்தினர். 1857இல் மைய அரசு யூட்டாவின்மீது படையனுப்பியபோது, அப்படைக்கு ஒதுக்கிடம் கிடைக்கலாகாதென அவர்களே அதனை எரித்துவிட்டு வெளியேறினர். அல்பேட் சிட்னி ஜோன்ஸ்ரனின் படை கரிந்த அவ்விடத்துக்கு அண்மையில் மாரியைக் கழித்தது; 1858இல் அங்கு நிரந்தரத் தளமொன்று எழுந்தது. ஆகவே இன்றுள்ள குற்றிச் சுவர்கள் பிறிட்ஜரின் பெயரைத் தாங்குவனவேயன்றி அவர் கட்டியவை அல்ல.

அஞ்சலுக்கு இத்துணைப் படைபலம் ஏன் வேண்டியிருந்தது? 1848இல் கலிபோர்ணியாவில் பொன் கண்டுபிடிக்கப்பட்டமையும், 1859இல் நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்கள் வெளிப்பட்டமையும் இதனை விளக்கும். மேற்குக் கரையின் உலோகமும் கிழக்கின் முதலும் ஒன்றையொன்று எட்ட, உண்டியலும் ஒப்பந்தமும் விலைச்செய்தியும் விரைந்து செல்லவேண்டியிருந்தன. 1860 ஏப்பிரிலில் தொடங்கிய குதிரை அஞ்சற் சேவை, மிசூறியிலிருந்து கலிபோர்ணியாவரையான ஏறக்குறைய 1,900 மைலை 10 நாளளவில் கடந்தது. தொடக்கத்தில் அரை அவுன்சுக் கடிதத்துக்கு 5 டொலர் அறவிடப்பட்டது. வீட்டுக்குக் கடிதம் எழுதும் ஏழைக் குடியேறிக்கு எட்டும் கட்டணமன்று அது! அமெரிக்கக் கற்பனையில் அழியா இடம்பெற்ற அச்சேவை நீடித்ததோ 18 மாதமே. 1861 ஒக்டோபர் 24ஆம் நாள் கண்டத்தின் இருகரைகளையும் தந்திக்கம்பி இணைத்ததும் அது வழக்கொழிந்தது. உள்நாட்டுப் போர் மூண்ட அதே ஆண்டில், தெற்கே செல்லும் அஞ்சல் வண்டிப் பாதை கைவிடப்பட்டு, பிறிட்ஜர் கோட்டையூடான நடுப்பாதைக்குச் சேவை மாற்றப்பட்டது. அதன்பொருட்டு அரசு ஆண்டுக்கு 10 இலட்சம் டொலர் வழங்கியது. பொன் விளையும் மாநிலம் ஒன்றியத்தைவிட்டு நழுவாதிருக்க வொஷிங்டன் கொடுத்த விலை என அதனைக் கொள்ளலாம்.

ஆனால் அவ்வேளையிலேதான் நிரந்தரப் படை கிழக்கே அழைக்கப்பட்டது. 1862 ஏப்பிரிலில் அஞ்சலையும் தந்தியையும் 90 நாள் காக்கவென யூட்டாவின் மொர்மன்களிடமே லிங்கன் ஆள் கேட்டார். அப்படையணிக்குத் தலைமை தாங்கியவர் லொட் சிமித். 1857இல் இதே படையின் உணவு வண்டிகளைத் தீயிட்டவரும் அவரே என்பது வரலாற்றின் சுவையான முரண். அவ்வாண்டின் பிற்பகுதியில் பற்றிக் எட்வேட் கொணர் தலைமையில் கலிபோர்ணியத் தொண்டர் படை கிழக்கு நோக்கி வந்தது. டிசம்பரில் அதன் ஒரு பிரிவு பிறிட்ஜர் கோட்டையிற் குடிபுகுந்தது. வேர்ஜீனியாவில் போரிட விரும்பிப் பதிந்தவர்கள் அத்தொண்டர்கள். தம் சம்பளத்தில் 30,000 டொலரை விட்டுக்கொடுத்தேனும் போர்முனைக்குச் செல்ல அவர்கள் முன்வந்தனர், அது ஏற்கப்படவில்லை. போர் வேட்கையுடன் வந்து அஞ்சற் பையைக் காக்கப் பணிக்கப்பட்ட இப்படையின் மனநிலை, அடுத்து நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள ஓரளவு உதவும். அதனை நியாயப்படுத்த உதவாது.

1863 ஜனவரி 29ஆம் நாள், கடுங்குளிர் விடியலில், இன்றைய ஐடகோ மாநிலத்துப் பெயார் ஆற்றங்கரையில் மாரிக்குடியமைத்திருந்த வடமேற்கு ஷொஷோனி மக்கள்மீது கொணரின் படை பாய்ந்தது. ஆண், பெண், குழந்தை எனக் கொல்லப்பட்டோர் தொகை 250 முதல் 400க்கு மேல்வரை மதிப்பிடப்படுகிறது. வண்டிப் பாதைகளில் நிகழ்ந்த தாக்குதல்களே காரணமாகக் காட்டப்பட்டன. தாக்குதல்கள் நிகழ்ந்தமை உண்மையே. ஆனால் அவற்றின் பின்னணியிற் பசி இருந்தது. குடியேறிகளின் மந்தைகள் புல்லையும் விதைதரும் செடிகளையும் மேய்ந்து தீர்த்தன. காட்டு விலங்குகள் பாதையோரங்களை விட்டகன்றன. நீண்டகாலம் ‘சமர்’ என்றே வழங்கிய இந்நிகழ்ச்சி இப்போது ‘படுகொலை’ என்ற பெயராற் குறிக்கப்படுகிறது. அந்நிலத்தில் ஏறக்குறைய 600 ஏக்கரை வடமேற்கு ஷொஷோனி மக்கள் 2018இல் விலைகொடுத்தே மீட்க நேர்ந்தது.

படுகொலை நிகழ்ந்து ஐந்து மாதத்தின் பின், 1863 ஜூலை 2ஆம் நாள், பிறிட்ஜர் கோட்டையிலே கிழக்கு ஷொஷோனி மக்களுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அவர்தம் தலைவர் வஷாக்கி ஆற்றங்கரைக் குடியிருப்பைச் சார்ந்தவரல்லர். வெள்ளையருடன் நட்புப் பேணிய அரசியல் நுட்பமிக்கவர். இவ்வொப்பந்தத்தை ஓர் அஞ்சல் ஆவணமாகவே நாம் வாசிக்கலாம். பயணப் பாதைகள் தடையின்றி இருத்தல், படைத்தளங்கள் அமைத்தல், தந்திக்கம்பியும் அஞ்சல் வண்டியும் ஊறின்றி இயங்குதல், இருப்புப் பாதை வரும்போது அதற்கு இடங்கொடுத்தல் ஆகியனவே அதன் சாரம். வெள்ளையர் செல்லும் பாதைகளால் வேட்டை விலங்குகள் அழிந்தமையை ஒப்பந்தமே ஏற்றுக்கொண்டு, ஈடாக 20 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 10,000 டொலர் பெறுமதியான பொருள் தர உறுதியளித்தது. அஞ்சற் குழுமத்துக்கு ஆண்டுக்கு 10 இலட்சம். நிலத்துக்குரியவர்க்கு அதில் நூற்றிலொரு பங்கு. அவ்வொப்பந்தம் வரையறுத்த ஷொஷோனி நிலம் ஏறக்குறைய 4 கோடியே 40 இலட்சம் ஏக்கர். கோட்டை நின்ற மண்ணும் அதனுள்ளேயே அடங்கியது. ‘எல்லைப்புறக் காவலரண்’ என்ற தொடர் எத்துணை வழுவுடையது என்பதை இது புலப்படுத்தும்: எல்லையிலன்று, பிறர் நிலத்தின் உள்ளேதான் அது நின்றது.

1868 ஜூலை 3ஆம் நாள் அதே கோட்டையில் இரண்டாவது ஒப்பந்தம் எழுதப்பட்டது. இருப்புப் பாதை அதற்குள் அண்மித்துவிட்டது. 4 கோடியே 40 இலட்சம் ஏக்கர் விண்ட் றிவர் ஒதுக்கிடத்தில் ஏறக்குறைய 30 இலட்சமாகச் சுருங்கியது. ஆட்கொள்ளப்படாத அரச நிலங்களில் வேட்டையாடும் உரிமை மட்டும் எஞ்சியது. அதே ஒப்பந்தத்தின் பனக் மக்களுள் ஒருவரான றேஸ் ஹோர்ஸ் தொடர்பான வழக்கில், வயோமிங் மாநிலமானதும் அவ்வுரிமை முடிவுற்றது என 1896இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இத்தர்க்கம் 2019இல், குறோ மக்களின் வழக்கொன்றிலேதான் கைவிடப்பட்டது.

இனி மீண்டும் கட்டடங்களுக்கு வருவோம். ஜோன்ஸ்ரனின் படையோடு வந்த வில்லியம் கார்ட்டர் என்ற வேர்ஜீனியர், தளத்து வணிகராக நியமனம் பெற்றார். சிப்பாய், குடியேறி, ஷொஷோனி வேட்டுவர் ஆகிய மூவருக்கும் அவர் கடை ஒன்றே. அவர் நீதவானுமானார், மந்தையும் பெருக்கினார், 1861இற் படை நீங்கியபோது தளத்தின் பாதுகாப்பும் அவர் கைக்கு வந்தது. அரசு, வணிகம், நீதி ஆகிய மூன்றும் ஒரே மேசையில் அமர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் காண்பதரிது. 1881இல் அவர் இறந்தபின் மனைவி மேரி வணிகத்தைத் தொடர்ந்தார்.

1869இல் இருப்புப் பாதை முற்றுப்பெற்றதும் அஞ்சல் அதற்கு மாறியது. பாதை கோட்டைக்குச் சில மைல் வடக்கே சென்றமையால் தளத்தின் முதல் நோக்கம் அற்றுப்போனது. எனினும் அது உடனே மூடப்படவில்லை. அயற்பாறைகளில் தொல்விலங்கு எச்சங்களைத் தேடிய ஆய்வாளர்க்குக்கூட அது தங்குமிடமாயிற்று. அது தனிக் கட்டுரைக்குரியது. 1878இல் கைவிடப்பட்டு, 1880இல் மீள நிறுவப்பட்டு, 1890இல் இறுதியாக மூடப்பட்டது. படையினரின் குற்றிக் கட்டடங்கள் ஏலத்திற் போயின. வாங்கியோர் அவற்றைக் கழற்றிச்சென்று பண்ணை வீடாகவும் தொழுவமாகவும் அடுக்கினர். தனியார் உடைமையான கார்ட்டரின் கட்டடங்களோ குடும்பத்தவர் பயன்பாட்டில் இருந்தமையால் நிலைத்தன. இன்று கோட்டையில் வணிகரின் சுவடு சிப்பாயின் சுவட்டைவிட அழுத்தமாய்த் தெரிவதற்கு இதுவே காரணம். கூடாரங்களில் வாழ்ந்து இதே புல்வெளியிற் பாளயமிறங்கிய ஷொஷோனி மக்களோ, எஞ்சி நிற்கத்தக்க சுவர் எதனையும் எழுப்பவில்லை. கட்டடம் எஞ்சியோரை மட்டுமே நினைவுகூரும் மரபில் அவர்களுக்கு இடம் கிடைப்பது இயல்பாகவே கடினம்.

1928இல் மாநில அரசு தளத்தை வாங்கி, 1933இல் நினைவிடமாகத் திறந்தது. 1888இல் கல்லாற் கட்டப்பட்ட படைவிடுதி இன்று அரும்பொருளகமாக உள்ளது. அகழ்வுகளில் மொர்மன்கள் எழுப்பிய கூழாங்கல் மதிலின் அடித்தளம் வெளிப்பட்டது. பிறிட்ஜரின் வணிக நிலையம் புதிய குற்றிகளால் மீளமைக்கப்பட்டுள்ளது. வருவோர் பலரும் முதலில் நாடிச்செல்வது இந்த மாதிரியையே எனத் தோன்றுகிறது. 1858ஆம் ஆண்டின் அதிகாரி இல்லமோ சிறிது தள்ளி, முற்றத்தின் ஓரத்தே நிற்கிறது. ஒப்பந்தங்கள் இரண்டும் எழுதப்பட்டபோது அதன் சுவர்கள் அங்கு நின்றன.