ரஜூலா கப்பல் முதல் திருச்சி ஃப்ளைட் வரை: மடியில் போன குழந்தைகள்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போற ஃப்ளைட்ல ஏறியிருந்தீங்கன்னா ஒரு விஷயம் கவனிச்சிருப்பீங்க. கைக்குழந்தைகள் ஜாஸ்தி. ஒண்ணு அழ ஆரம்பிச்சா அப்புறம் கோரஸ்தான். "இவ்வளவு சின்னக் குழந்தையை எதுக்குத் தூக்கிட்டு வர்றாங்க?"ன்னு ஹெட்போனை மாட்டிக்கிட்டே முணுமுணுக்கிறவங்களும் இருக்காங்க. அந்தக் கேள்விக்கு வரலாற்றுல பதில் இருக்கு.

தலைப்பிரசவம் அம்மா வீட்டுல. தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் இது எழுதாத சட்டம். வளைகாப்பு முடிஞ்சு பிறந்த வீட்டுக்கு வர்ற பொண்ணு, குழந்தைக்கு மூணோ அஞ்சோ மாசம் ஆனதும் புருஷன் வீட்டுக்குத் திரும்புவா. புருஷன் பாபநாசத்துல இருந்தா பஸ் போதும். பினாங்குல இருந்தா கடலைத் தாண்டணும். கூத்தாநல்லூருக்கு "சின்ன சிங்கப்பூர்"னு பட்டப்பேர் இருக்குன்னா, இந்த டெல்டாவுல எத்தனை வீட்டுக்கு அக்கரையில ஒரு கால் இருந்ததுன்னு யோசிச்சுக்கோங்க.

விமானத்துக்கு முன்னாடி இந்தக் குழந்தைகள் கப்பல்ல போனாங்க. அதுல பிரபலமானது ரஜூலா. 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டின, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்னைக்கு போர்ட் கிள்ளான்னு சொல்ற போர்ட் ஸ்வெட்டன்ஹாம், கடைசியா சிங்கப்பூர். கிட்டத்தட்ட ஒரு வாரப் பயணம். பெரும்பாலானவங்க வாங்கினது டெக் டிக்கெட். அதுல படுக்கை கிடையாது, பாய் விரிச்ச இடம்தான் உங்க சீட்.

நாகையில கப்பல் ஏறுறதே ஒரு சோதனை. கரையோரம் ஆழம் பத்தாததால கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். படகுல போய், அலையில ஆடுற படகிலிருந்து கப்பலுக்கு மாறணும். இடுப்புல நாலு மாசக் குழந்தையோட. நாம போர்டிங் கேட்ல ஸ்ட்ரோலரை மடிக்கிறதையே பெரிய கஷ்டமா பேசிக்கிட்டிருக்கோம்!

ரஜூலா 1970-கள் வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில, பினாங்கிலிருந்து சென்னை வர்ற வழியில தீப்பிடிச்சது. பல உயிர்கள் போச்சு. அதோட அந்தப் பயணிகள் கப்பல் சேவையும் முடிஞ்சது.

"தஞ்சாவூர்லயே ரன்வே இருக்கே?"ன்னு சிலர் கேப்பீங்க. இருக்கு, ரெண்டாம் உலகப்போர் காலத்துது. இப்போ அது விமானப்படையோடது, 2020-லிருந்து சுகோய்-30 படைப்பிரிவு அங்கே இருக்கு. அதனால கும்பகோணத்துக் குழந்தையும் திருச்சிக்குத்தான் கார் ஏறணும்.

கப்பல் ஒரு வாரம்னா, ஃப்ளைட் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ஆனா டெக்ல குழந்தையைக் கீழே படுக்க வைக்க ஒரு பாய் அளவு இடமாவது இருந்தது. இங்கே அம்மா மடிதான். சுவர்ல மாட்டுற தொட்டில், பாஸினெட், பெரிய விமானங்கள்ல கிடைக்கும். திருச்சியிலிருந்து போறது பெரும்பாலும் ஒரே நடைபாதை உள்ள சின்ன விமானங்கள், அதுல பொதுவா கிடையாது.

நான் கோட் எழுதுறவன், அதனால இது என்னை உறுத்துது. டிக்கெட் சிஸ்டத்துல ரெண்டு வயசுக்கு உட்பட்ட மடிக்குழந்தை சீட் கணக்குல வராது. பெரியவங்க டிக்கெட்டோட இணைச்ச ஒரு சேவைக் கோரிக்கையா பதிவாகும், சாப்பாடு, வீல்சேர் எல்லாம் பதிவாகுற மாதிரி. கட்டணமும் வெளிநாட்டு ரூட்ல பல ஏர்லைன்ல சுமார் 10 சதவீதம்தான். மலிவுதான், ஆனா அந்த மலிவுக்கு ஒரு விலை இருக்கு.

1989 ஜூலை 19, அமெரிக்காவின் சூ சிட்டி. யுனைடெட் 232 விமானம் அவசரமா இறங்கப் போகுது. மடியில நாலு குழந்தைகள். அன்னைக்கு இருந்த விதிப்படி, குழந்தைகளைத் தரையில வைக்கச் சொன்னாங்க தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன். அதுல ஒரு குழந்தை இறந்துபோச்சு. அதுக்கப்புறம் குழந்தைக்குத் தனி சீட் கட்டாயமாகணும்னு அவங்க பல வருஷம் போராடினாங்க. அமெரிக்க விபத்து விசாரணை வாரியமும் அதையே பரிந்துரை பண்ணுச்சு. விமானப் போக்குவரத்து ஆணையம் ஏத்துக்கலை. தனி சீட்டுக்குக் காசு கேட்டா குடும்பங்கள் கார்ல போவாங்க, ரோட்டுல அதைவிட அதிகம் சாவாங்கன்னு வாதம். கணக்கா பார்த்தா சரியாவே இருக்கலாம். ஆனா நாகைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல ரோடு இல்லையே. ஐரோப்பாவுல அம்மா பெல்ட்டோட ஒரு குட்டி பெல்ட்டைக் கோத்து விடுறாங்க. அமெரிக்காவுல, மோதும்போது அதுவே குழந்தையை நசுக்கும்னு அனுமதிக்கிறதில்லை.

அந்த அழுகைக்கும் காரணம் உண்டு. விமானம் இறங்கும்போது காத்தழுத்தம் மாறி காது வலிக்கும். நாம கொட்டாவி விட்டுச் சமாளிப்போம், குழந்தைக்கு அது தெரியாது. பால் குடிச்சு விழுங்கினா அடைப்பு திறக்கும். அதனாலதான் சக்கரம் தரையைத் தொடுறதுக்கு அரை மணி முன்னாடியே தாய்மார்கள் சேலைத் தலைப்பையோ துப்பட்டாவையோ இழுத்துப் போத்திக்கிறது.

இன்னொண்ணு. அந்த ஃப்ளைட்ல அழுற குழந்தை ஒருவகையில கொடுத்து வச்சது. சிங்கப்பூர்ல வொர்க் பெர்மிட்ல கட்டட வேலை பாக்குறவங்க குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல இருந்தாத்தான் அந்த விசா. அதனால மன்னார்குடியில பிறந்த பல குழந்தைகள் விமானம் ஏறுறதில்லை. அப்பா லீவுல வர்ற வரைக்கும் வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு முன்னாடி கையைக் காலை ஆட்டிக்கிட்டுக் கிடக்குது.