ராஃபிள்ஸ் மறைந்த சில நாட்கள்

2019 பிறக்கும் வேளையில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் காணாமல்போனார். அவர் வந்திறங்கிய 200ஆம் ஆண்டு நினைவுக்காக, ஓவியர் டெங் காய் வெய் அந்த வெள்ளைச் சிலையின் மேல், பின்னால் நிற்கும் உயரமான கட்டடத்தின் நிறத்தையும் கோடுகளையும் தீட்டிவிட்டார். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் சிலை கட்டடத்துக்குள் கரைந்துவிடும். கொஞ்சம் நகர்ந்தால் ஆள் திரும்ப வந்துவிடுவார்.

ஜனவரி முதல் வாரத்திலேயே சிலை பழைய வெள்ளைக்குத் திரும்பியது. பக்கத்தில் இன்னும் நான்கு பேர் சிலைகளாக வந்து நின்றார்கள்: சாங் நீல உத்தமா, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா, நம்ம நாராயண பிள்ளை. பிள்ளை 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு கப்பலேறி வந்தவர். செங்கல் சூளை போட்டவர். 1827இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில் எழுப்பியவர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சில நாட்களில் நால்வரையும் எடுத்துவிட்டார்கள். ராஃபிள்ஸ் மட்டும் நிற்கிறார்.

அதே ஆண்டு ஃபோர்ட் கேனிங் குன்றில் ஒளி, ஒலி, நடிகர்களோடு ஒரு காட்சி நடந்தது. பார்வையாளர்கள் 700 ஆண்டுகளுக்குள் நடந்துபோனார்கள். கதையை 1819க்கு முன்னாலேயே தொடங்கியது நியாயம்தான். நான் குடியிருக்கும் பிடோக்கின் பெயரே, மலாக்காவில் பிறந்த எரேடியா 1604இல் வரைந்த வரைபடத்தில் ஆற்றின் பெயராக இருக்கிறது. அப்போது ராஃபிள்ஸ் பிறக்கவே இல்லை.

ஆனால், முதலாளிக்குப் பக்கத்தில் இன்னும் நாலு பெரிய மனுஷங்களை நிறுத்தினால் வரலாறு திருந்திவிடுமா? 1825இல் பென்கூலனிலிருந்து வந்த முதல் கப்பலில், மதராஸிலிருந்து நாடுகடத்தப்பட்ட 80 கைதிகள் இருந்தார்கள். பிறகு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் கைதிகள் வந்தார்கள். 1873 வரை இங்கே கைதிகளின் உழைப்பு ஓடியது. 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது அந்தக் கைகள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். இதுதான் அந்தச் சுவரின் பூச்சு. ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்றே அதற்குப் பெயர். நம்மூர்க் கொத்தனாருக்குத் தெரிந்த வித்தை.

இவர்களுக்கு எந்த முகத்தோடு சிலை செய்வது? அதனால்தான் நாலு சிலைகளைவிட டெங்கின் ஓவியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ராஃபிள்ஸ் மறைந்த இடத்தில் கட்டடம் தெரிந்தது. கட்டடம் தெரிந்தால், ‘இதை யார் கட்டினாங்க?’ என்று யாராவது ஒருத்தர் கேட்பார்கள்.