ராயபுரம்: நமது மூத்த ரயில் நிலையம்

2025 ஆகஸ்டில் எங்கள் ஹெப்பகோடிக்கு மெட்ரோ ரயில் வந்தது. அதையொட்டி ரயில்களைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, தென்னிந்தியாவின் முதல் ஸ்டேஷன் சென்னை சென்ட்ரல்தான் என்று அடித்துச் சொன்னார் ஒரு நண்பர். நம் அங்கத்தினர்களிலும் பலர் அப்படி நினைக்கக்கூடும். அந்தப் பெருமை ராயபுரத்துக்கே உரியது. சென்ட்ரல் அதைவிடப் பதினேழு வயது இளையது.

மதராஸ் ரயில்வே கம்பெனி 1853-ல் பாதை போட ஆரம்பித்தது. சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே நிற்க, மசூலாப் படகுகளில் சரக்கு கரை சேரும். அந்தக் கரையும், வியாபாரிகள் நிறைந்த கறுப்பர் பட்டணமும் ராயபுரத்துக்கு வெகு சமீபம். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு ஸ்டேஷனைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுஜனங்கள் வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர், ரயிலில் பிரயாணம் செய்யலானார்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கும் இதில் பாத்தியதை உண்டு. ஜோலார்பேட்டையிலிருந்து கிளைப்பாதை கண்டோன்மெண்டை எட்டியது 1864-ல். சென்ட்ரல் வந்ததோ 1873-ல். இடைப்பட்ட ஒன்பது வருஷமும் இங்கிருந்து ரயிலில் சென்னை போனவர்கள் ராயபுரத்தில்தான் இறங்கியாக வேண்டும்!

‘முதலாவது’ வேறு, ‘மிகப் பழையது’ வேறு. (விஞ்ஞானம் படித்தவனுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.) பிரயாணிகள் ரயில் 1853-ல் பம்பாய் போரிபந்தரிலிருந்தும், 1854-ல் ஹௌராவிலிருந்தும் கிளம்பிவிட்டது. ஆனால் அந்த ஆதி நிலையங்கள் இன்று இல்லை. ராயபுரத்தின் தூண்கள் நிற்கின்றன. லண்டனில்கூட, 1837-ல் திறந்த யூஸ்டன் நிலையத்தின் பிரம்மாண்டமான கல் வளைவை, எதிர்ப்புகளை மீறி 1961-ல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சென்ட்ரல் வளர வளர ராயபுரத்தின் மவுசு குறைந்தது. 1922-ல் ரயில்வே தலைமை அலுவலகமும் சென்ட்ரல் பக்கம் போய்விட்டது. பல வருஷம் பாழடைந்து கிடந்த கட்டிடத்தை 2005-ல் புதுப்பித்தார்கள். ராயபுரத்தை மறுபடி பெரிய டெர்மினஸாக்க வேண்டும் என்பது வெகுநாள் கோரிக்கை. எனக்கும் சம்மதமே, பழைய கட்டிடத்தின் மேல் கை வைக்காத வரையில்.

சென்னை செல்லும் அன்பர்கள் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்சார ரயில் ஏறினால், அடுத்த நிறுத்தமே ராயபுரம்தான்.